கேராசர் ஜமாஅத்தின் இரண்டு உறுப்பினர்கள்

காராதர், கராச்சி
14 அக்டோபர் 1989

மதிப்பிற்குரிய ஜக்கரியா பாய் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறையருளால் நான் நலம். டொராண்டோவில் நீங்களும் மகன் இர்ஃபானும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதக் காரணம், ரமலானுக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதம் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நிலவரமாகச் சொல்கிறேன்.

முதலில் தெரிவிக்க வேண்டியது துக்கச் செய்தி. நம் ஈசா பாய் சென்ற மாதக் கடைசி வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குச் சற்று முன்பு காலமாகிவிட்டார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். காட்டியாப் பலகாரக் கடைக்குப் பின்னாலிருந்த அறையில்தான் கடைசிவரை இருந்தார். காலையில் கடலை மாவு பிசைந்து வைத்திருக்கிறார். மாலையில் அதைப் பொரிக்க அவர் இல்லை. காலை விவரம் பக்கத்துக் கயிற்றுக்கடைக்காரர் சொல்லிக் கேட்டது. மாவுப் பாத்திரம் நான் நேரில் கண்டது.

மையித்துக்கு வேண்டியவற்றை நம் கேராசர் ஊர்க்காரர்களின் ஜமாஅத்தே செய்தது. ஜமாஅத் என்று எழுதினாலும் செய்தவன் நான் ஒருவன்தான் என்பதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. மண்டபச் சுவரில் தொங்கும் சந்தூக்குப் பெட்டியை இறக்கித் துடைத்தோம். தூக்க நான்கு பேர் வேண்டும் அல்லவா? காவல்காரர் குல் ஜமான் வந்தார். கயிற்றுக்கடைக்காரர் வந்தார். என் மருமகன் அஷ்ரஃப் பத்ராவா ஊர் ஜமாஅத்திலிருந்து வந்தார். நான்காவது தோள் என்னுடையது. தெருமுனை வரைக்கும் தாங்கியது. அதற்கப்பால் யாரோ ஒரு வழிப்போக்கர் என்னை விலகச் சொல்லிவிட்டுத் தாம் ஏற்றுக்கொண்டார். யாருடைய மையித்து என்றுகூட அவர் கேட்கவில்லை. அவருக்கு இறைவன் நற்கூலி தரட்டும். கேராசர்க்காரர் ஒருவர் இறந்தால் தோள் கொடுக்க முண்டியடிக்க வேண்டியிருந்த நாட்களை நீங்கள் அறிவீர்கள். உங்கள் மாமனாரின் மையித்தில் என் காலை மிதித்துவிட்டு என் இடத்தைப் பிடித்துக்கொண்டவர் நீங்கள்.

அதற்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இரங்கல் தீர்மானம் நிறைவேற்றக் கூட்டம் கூட்டினேன். கூட்டம் செல்லுபடியாக மூன்று உறுப்பினர்கள் வேண்டும் என்பது விதி. ஈசா பாய் போனபின் உயிரோடிருக்கும் உறுப்பினர்கள் நீங்களும் நானும் மட்டுமே. மற்றவர்களில் சிலர் இறைவனிடம் போனார்கள். சிலர் பெரிய ஜமாஅத்துகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆனால், வேண்டிய எண்ணிக்கை சேராவிட்டால் அரைமணி நேரம் கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்றும், மீண்டும் கூடும்போது வந்திருப்பவர்களே போதும் என்றும் அதே விதியில் இருக்கிறது. நாம் அதை எழுதியது மழைக்காலத்தை மனத்தில் வைத்து. ஆகவே கூட்டத்தைத் தொடங்கினேன், ஒத்திவைத்தேன், அரைமணி நேரம் காத்திருந்தேன், மீண்டும் தொடங்கித் தீர்மானத்தை எழுந்து நின்று வாசித்தேன்.

குல் ஜமான் மாடிப்படியில் தலையை நீட்டி, "வக்கீல் சாப், யார்கூட பேசிட்டிருக்கீங்க?" என்றார். ஜமாஅத் கூட்டம் நடக்கிறது என்றேன். "கூட்டமா? சத்தமே காணோமே சாப்! முன்னெல்லாம் நீங்க கூட்டம் போட்டா கீழ பேக்கரில பொறை ரொட்டி வாங்க வந்தவன் பயந்து ஓடுவான்" என்றார். பிறகு அவரே மேலே வந்து கடைசி வரிசையில் அமர்ந்துகொண்டார். அவர் உறுப்பினர் அல்லர் என்பதால் அவருடைய வருகையைப் பதிவு செய்யவில்லை.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நாற்பது வருடத்தில் கேராசர் ஜமாஅத்தில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் இதுதான் என்று நினைக்கிறேன். தாமே முன்மொழிந்ததற்கும் எதிராகக் கை தூக்கிய ஈசா பாய், தம் இரங்கல் தீர்மானத்தை எதிர்க்க இல்லை.

இனி முக்கியமான விஷயம். பத்ராவா ஜமாஅத்தின் தலைவர் ஹாஜி கனி சேட் என்னை அழைத்துப் பேசினார். நம் ஜமாஅத்தைத் தம்முடைய ஜமாஅத்தோடு இணைத்துவிடலாம் என்கிறார். அவர் சொன்ன சொற்களையே தருகிறேன்: "வக்கீல் சாப், உங்க ஊர்ப் பொண்ணுங்க பாதிப் பேரு எங்க வீட்டுலதான் சமைக்கிறாங்க. அப்புறம் உங்களுக்கு மட்டும் எதுக்குத் தனி அடுப்பு?"

அவர் சொல்வது உண்மைதான். மணமான பெண் கணவனின் ஜமாஅத்தைச் சேர்ந்தவள் என்பது எல்லா மேமன்களுக்கும் பொதுவான வழக்கம். நம் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சின்னம்மா பெரியம்மா மக்கள். ஆகையால் பெண்களைப் பெரிய ஊர்க்காரர்களுக்குக் கொடுத்தோம். பெரிய ஊர்க்காரர்கள் நமக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள். என் நான்கு பெண்களும் இன்று நான்கு ஜமாஅத்துகளில் இருக்கிறார்கள். பெரியவள் மெஹ்ருன் பத்ராவாவில். செய்தி கேட்டு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. "அப்பா, எனக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழிச்சு நீங்களும் எங்க வீட்டுக்கே மருமகளா வர்றீங்க! சீதனம் என்ன கொண்டு வர்றீங்க, அந்த ஓட்டை அண்டாக்களா?" என்கிறாள். ஜமாஅத்தின் பெயர் பொறித்த செம்பு அண்டாக்களைத்தான் சொல்கிறாள். அவற்றில் ஓட்டை இல்லை. ஈயம் பூசினால் போதும்.

மண்டபத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையலும் தட்டச்சும் கற்பிக்கப்போவதாக ஹாஜி கனி சொல்கிறார். நல்ல நோக்கம்தான். இணைப்புக்கு உயிரோடிருக்கும் எல்லா உறுப்பினர்களின் ஒப்புதலும் வேண்டும் என்பது பத்தொன்பதாம் விதி. எனவே, நீங்கள் இந்தக் குளிர்காலத்தில் ஒருமுறை வந்துபோக இயலுமா என்று அறிய விரும்புகிறேன். அங்கே பனி கொட்டும் மாதங்களில் இங்கே ஒரு மெல்லிய சால்வை போதும்.

என் வீட்டில் எல்லாம் வழக்கம்போல. என் மனைவி ஹவ்வாபாய் போனபின் சமையல்காரம்மா ஒருத்தி வருகிறாள். அவள் செய்யும் அக்னிப் புலாவில் சோறு தனியாகவும் கறி தனியாகவும் நிற்கின்றன. குறை சொல்லவில்லை.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
அப்துல் ஷகூர் தார்முகம்மது, வழக்கறிஞர்
கௌரவச் செயலாளர், கேராசர் மேமன் ஜமாஅத்


காராதர், கராச்சி
20 ஜனவரி 1990

மதிப்பிற்குரிய ஜக்கரியா பாய் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அனுப்பிய உறை வந்து சேர்ந்தது. உள்ளே கடிதம் இருக்கும் என்று நினைத்துப் பிரித்தேன். தூதரக முத்திரையிட்ட முக்தியார்நாமா என்னும் அதிகாரப் பத்திரமும், அதன் ஓரத்தில் உங்கள் கையால் எழுதிய ஒரு வரியும் மட்டும் இருந்தன: "ஷகூர், என் பேர்ல நீயே போட்டு முடிச்சுடு." ஆவணம் ஒழுங்காகத் தயாரிக்கப்பட்டிருக்கிறது. இர்ஃபான் நல்ல வழக்கறிஞரைப் பார்த்திருக்கிறார் என்று தெரிகிறது.

ஆயினும் இதைப் பயன்படுத்துவதில் சில தடைகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. முதலாவதாக, இணைப்பு என்பது அன்றாட நிர்வாகம் அன்று. ஜமாஅத்தின் இருப்பையே முடிக்கும் செயல். அத்தகைய செயலை ஒருவர் மற்றொருவர் மூலமாகச் செய்யலாமா என்பது விவாதத்துக்குரியது. அடுத்ததாக, உங்கள் முகவராக நீங்கள் நியமித்திருப்பது என்னை. நானோ செயலாளர். ஒரே ஆள் இரண்டு தரப்பிலும் நிற்பதை எந்த நீதிமன்றமும் விரும்பாது. ஒப்புதல் என்ற சொல்லுக்கு, கூட்டத்தில் அமர்ந்து, எதிர்வாதத்தைக் கேட்டு, பிறகு இசைவது என்றே நாம் அந்நாளில் பொருள் கொண்டிருந்தோம் என்றும் வாதிட இடமிருக்கிறது. ஆகவே நீங்கள் நேரில் வருவதே பாதுகாப்பானது என்பது என் கருத்து. ஹாஜி கனியிடம் மார்ச் வரை அவகாசம் கேட்டிருக்கிறேன்.

அந்நாள் என்று எழுதியவுடன் விதிமுறைகளை எழுதிய நாட்கள் நினைவுக்கு வந்தன. பிரிவினையின்போது ஓகாத் துறையில் கப்பலேறி இங்கே வந்து இறங்கிய இரண்டாவது வருடம். பள்ளிக்கூடத்து மரப்பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். முகவுரை எழுதும்போது சண்டை வந்தது. நாம் சிந்து தேசத்துத் தத்தா நகரத்து லோஹாணா என்னும் இந்து வணிகர்கள். ஒரு பெரியவரின் கையைப் பிடித்து எழுநூறு குடும்பங்கள் இஸ்லாத்துக்கு வந்தோம். பிறகு கட்சுக்கும் ஹாலாருக்கும் காத்தியவாருக்கும் நடந்தோம் என்று எழுத வேண்டும் என்றீர்கள். எழுநூறு என்பதற்கு ஆதாரம் கேட்டேன். நீங்கள் பெஞ்சின்மேல் ஏறி நின்று, "எல்லாருக்கும் தெரிஞ்சதுக்கு எதுக்குடா ஆதாரம்? உன் அப்பா பேருக்கே சாட்சி கூப்பிடுவியா நீ?" என்று கத்தினீர்கள். என் தகப்பனார் இரண்டாவது வரிசையில் இருந்தார். "நான் இருக்கேன்டா சாட்சிக்கு, நீ முதல்ல கீழ இறங்கு!" என்று அவர் சொன்னதில் கூட்டமே சிரித்தது. கடைசியில், "தத்தாவிலிருந்து புறப்பட்டதாகத் தொன்றுதொட்டு நம்பப்படும்" என்று எழுதினோம். அதையும் ஈசா பாய் எதிர்த்தார்.

அன்று திரும்பும் வழியில், தத்தா இங்கிருந்து அறுபது மைல்தானே, போய்ப் பார்த்துவிடலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். சரி என்றேன். கடை, வழக்கு, பிள்ளைகள், அவர்கள் கல்யாணம் என்று அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

சென்ற செவ்வாய்க்கிழமை நான் போய்வந்தேன். உங்களை விட்டுவிட்டுப் போனதற்கு மன்னிக்க வேண்டும். லீ மார்க்கெட்டில் பேருந்து ஏறினேன். பார்க்க வேண்டியது என்று எதையும் குறித்துக்கொண்டு போகவில்லை. ஊருக்கு அருகில் ஓடியதாகச் சொல்லப்படும் ஆறு இப்போது வெகுதூரம் விலகிப் போய்விட்டது. மணலையும் கருவேலத்தையும் பார்த்தபடி கொஞ்சதூரம் நடந்தேன். மூச்சு வாங்கியதால் ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் என்னைவிட இளையவர், பருத்த மனிதர். "யாரைத் தேடுறீங்க, சாச்சா?" என்றார். யாரையும் தேடவில்லை, எங்கள் முன்னோருக்கு இந்த ஊர் என்று சொல்கிறார்கள் என்றேன். "எப்போ போனாங்க?" என்றார். ஏறத்தாழ ஐந்நூறு வருடம் முன்பு என்றேன்.

அவர் அடுப்பை விட்டு எழுந்து தெருவைப் பார்த்துக் கூப்பிட்டார்: "டேய், எல்லாரும் ஓடியாங்கடா! வீட்டுக்காரர் வந்துட்டார். ஐந்நூறு வருஷ வாடகையை எடுத்து வைங்க!" நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், "போகும்போது வீட்டைப் பூட்டினீங்களா சாச்சா, இல்ல அப்படியே திறந்து போட்டுட்டுப் போனீங்களா?" என்று கேட்டார். இன்னொருவர், "பரவால்ல, சீக்கிரமாவே திரும்பிட்டீங்க" என்றார். நானும் சிரித்தேன். அவர்கள் பேசும் சிந்தியில் பாதிச் சொற்கள் நம் மேமனிச் சொற்களே. என் தாயார் அடுப்படியில் பேசுவது போலவே இருந்தது. ஆனால் பேசியவர்களுக்கு மீசை இருந்தது.

கிளம்பும்போது தேநீருக்குக் காசு நீட்டினேன். "ஊர்க்காரங்ககிட்ட வாங்கறதில்ல" என்று கையைத் தள்ளிவிட்டார்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று பேருந்தில் வரும்போது முழுவதும் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். காராதரில் இறங்கியபின் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்பது தெரிந்தது. மெஹ்ருனிடம் சொன்னேன். அவள், "தனியாவா போனீங்க? இந்த உடம்போடயா?" என்று கேட்டுவிட்டாள். பிறகு கதை தொடரவில்லை. குல் ஜமான் முழுவதையும் கேட்டார். ஆனால் அவருக்குத் தத்தாவைவிடத் தம் ஸ்வாத் சிறந்த ஊர் என்பதில் சந்தேகமில்லை.

உடம்பு என்று அவள் சொன்னதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டர் சில சோதனைகளை மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறார். அவை முடியும்வரை எந்தக் கருத்தும் சொல்வது முறையாகாது.

முக்தியார்நாமாவைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதைத் திரும்ப அனுப்பவில்லை என்பதால் ஏற்றுக்கொண்டேன் என்று பொருள் கொள்ள வேண்டாம். உங்கள் பயணத் தேதியைத் தெரிவித்தால் விமான நிலையத்துக்கு வர ஏற்பாடு செய்கிறேன். இர்ஃபானுக்கும் குழந்தைகளுக்கும் என் துஆ.

அன்புடன்,
அப்துல் ஷகூர் தார்முகம்மது
கௌரவச் செயலாளர், கேராசர் மேமன் ஜமாஅத்


காராதர், கராச்சி
11 மார்ச் 1990

அன்புள்ள ஜக்கரியா பாய்,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று முன்தினம் மெஹ்ருன் வீட்டிலிருந்து உங்களோடு தொலைபேசியில் பேசியது முழுமையாக இல்லை. பக்கத்தில் அவளும் பிள்ளைகளும் நின்றுகொண்டிருந்தார்கள்; உங்கள் பக்கத்திலும் யாரோ இருந்ததாகத் தோன்றியது. அங்கே விட்டுப்போனவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஜமாஅத் விஷயம். திங்கட்கிழமை பத்ராவாக் குழுவினர் நம் மண்டபத்துக்கு வந்தார்கள். பல நாளுக்குப் பிறகு எல்லா நாற்காலிகளிலும் ஆள் இருந்ததைப் பார்த்தேன். மாடிக்குத் தேநீர் கொண்டுவந்த குல் ஜமான் என் காதருகில், "இன்னிக்குத்தான் சாப், கூட்டம் மாதிரி இருக்கு" என்றார். நான் தயாரித்த ஒப்பந்தத்தை வரிவரியாக வாசித்தோம். மண்டபத்துக்கு வெளியே நம் ஊர்ப் பெயர் பொறித்த கல் அப்படியே இருக்கும். அண்டாக்களுக்கு அவர்கள் செலவில் ஈயம் பூசப்படும். கபர்ஸ்தானில் நம் பகுதியின் சுவர் பழுதுபார்க்கப்படும்.

கபர்ஸ்தானில் இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும் என்ற பிரிவு வந்தபோது ஹாஜி கனி கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணு உங்களுக்கு, ஹவ்வாபாய் பக்கத்துல. அது சரி. இன்னொண்ணு யாருக்கு?" என்றார். ஜக்கரியா பாய்க்கு, அவர் மனைவி ஜைனபுக்குப் பக்கத்தில் என்றேன். "அவர் கனடாவுலல்ல இருக்கார்? அங்கயே இப்பல்லாம் நல்ல கபர்ஸ்தான் இருக்குதாமே" என்றார் ஒருவர். இந்தப் பிரிவு இல்லாமல் நான் கையெழுத்திட மாட்டேன் என்றேன். குரலை உயர்த்தினேன் என்று அஷ்ரஃப் பிற்பாடு சொன்னார், எனக்கு நினைவில்லை. ஹாஜி கனி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "எழுதிக்குங்கய்யா. மனுஷன் இடம்தானே கேக்கறார்" என்றார். பிரிவு ஏற்கப்பட்டது.

பிறகு உங்கள் முக்தியார்நாமாவைக் கேட்டு வாங்கிப் படித்தார். "இது செல்லுமே, வக்கீல் சாப்? அப்புறம் ஏன் ரெண்டு மாசமா இழுக்கறீங்க?" என்றார். ஆராய்ந்து சொல்கிறேன் என்றேன். ஈத் பெருநாள் முடியும்வரை மட்டும் பொறுத்திருப்பதாகச் சொல்லி எழுந்தார்கள். கீழே இறங்கும்போது, உங்களுக்கு இனித் தனிமை இருக்காது, எங்கள் கூட்டங்களில் எண்பது பேர் வருவார்கள், உங்களுக்கு முன்வரிசை என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். நல்ல மனிதர். அந்த எண்பது பேரில் என்னை வாடா போடா என்று கூப்பிடக்கூடியவர் ஒருவரும் இல்லை என்பது அவர் தவறன்று.

இப்போது தொலைபேசியில் நீங்கள் சொன்னது. உடம்பு எப்படி என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, தினமும் கடைத்தொகுதிக்குள் நடக்கிறேன் என்றீர்கள். அப்படியானால் விமானத்தில் ஏற டாக்டர் விடவில்லை என்று சற்று முன் சொன்னீர்களே, ஏன் தடுக்கிறார் என்றேன். குறுக்கு விசாரணை செய்தது தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சிரித்தீர்கள். பிறகு சொன்னதை நான் மறக்க வழியில்லை: "டாக்டர் எங்கடா தடுத்தான்? அங்க வந்தேன்னா நான் திரும்பிப் போக மாட்டேன், ஷகூர். அது இர்ஃபானுக்கும் தெரியும். டிக்கெட்னு வாயெடுத்தா அவன் முகம் சின்னப்பையன் முகமாயிடுது. அவன் அம்மாவும் இல்ல. நான் என்ன செய்யட்டும், சொல்லு? இங்க மேமனியில சண்டை போடக்கூட ஒருத்தன் இல்லடா."

சொல்லு என்று கேட்டீர்கள். நானோ தொலைபேசிக்கு ஆகும் செலவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

இரண்டு நாளாக இர்ஃபான் தரப்பை யோசித்தேன். அவர் தரப்பில் நியாயம் இருக்கிறது. தகப்பன் வீட்டிலிருக்க வேண்டும் என்று விரும்பும் மகனை எந்த மன்றத்திலும் குற்றவாளியாக நிறுத்த முடியாது. எனக்கு மகன் இல்லை. இருந்திருந்தால் நானும் இந்நேரம் ஏதாவதொரு பனிநாட்டில் சன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். உங்கள் தரப்பையும் யோசித்தேன். என் தரப்பை யோசிக்க மட்டும் மனம் வரவில்லை; அதில் எனக்குச் சொந்த நலன் இருக்கிறது.

சோதனை முடிவுகள் வந்துவிட்டன. அவற்றை இந்தக் கடிதத்தில் சேர்ப்பது உங்கள் முடிவின்மேல் தகாத செல்வாக்குச் செலுத்தும் என்பதால் சேர்க்கவில்லை. மெஹ்ருனுக்கும் இன்னும் காட்டவில்லை.

இனி, ஹாஜி கனியிடம் ஆராய்ந்து சொல்வதாகச் சொன்ன விஷயம். ஆராய்ந்தேன். முக்தியார்நாமா செல்லும். பத்தொன்பதாம் விதியின் இரண்டாம் உட்பிரிவு, கடல்கடந்து வாழும் உறுப்பினர் முகவர் மூலம் ஒப்புதல் தரலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. அதை எழுதியவன் நான். ரங்கூனில் இருந்த உங்கள் சிற்றப்பாவுக்காக எழுதினேன். ஜனவரியில் உங்களுக்குத் தடைகள் என்று எழுதியபோதும் அந்த உட்பிரிவு என் மேசைமேல் திறந்தபடிதான் இருந்தது. ஐம்பது வருடத் தொழிலில் கட்சிக்காரர் எவருக்கும் நான் இப்படி ஓர் அபிப்பிராயம் எழுதியதில்லை.

ஆகவே சட்டநிலை இதுதான். நாளைக் காலையே நான் மண்டபத்துக்குப் போய், கேராசர் ஜமாஅத்தின் கடைசித் தீர்மானத்தில் செயலாளர் என்று ஒரு கையெழுத்தும், உங்கள் பெயரால் இன்னொரு கையெழுத்தும் போடலாம். இரண்டும் என் கையாலேயே. அதன்பின் உங்களுக்குக் கடிதம் எழுத அலுவல்ரீதியான காரணம் எதுவும் எனக்கு இருக்காது.

நேற்றுப் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். என் பெயரை எழுத முடிந்தது. உங்கள் பெயரின் முதல் எழுத்தோடு நின்றுவிட்டேன். உயிரோடு இருக்கிற மனிதனின் பெயரை அவன் இல்லாத அறையில் உட்கார்ந்து எழுதுவது, சட்டம் எவ்வளவு அனுமதித்தாலும், என்னால் ஆகவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டேன். ஈத் பெருநாள் வரை அது அப்படியே இருக்கும். அதற்குமேல் ஹாஜி கனியைக் காக்க வைப்பது நேர்மையல்ல. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் முடித்துக் கொடுத்துவிடுவேன். அந்தப் பெண்பிள்ளைகள் தையல் கற்க வேண்டும்.

இர்ஃபானிடம் என் சார்பில் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: தகப்பனைப் பிடுங்கிக்கொள்ள நான் கேட்கவில்லை. ஒரு கோடைக்காலம் கேட்கிறேன். திரும்பிப் போக நீங்கள் மறுத்தால் நானே விமான நிலையம் வரை வந்து ஏற்றிவிடுவேன் என்று அவருக்கு எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன். அந்த உறுதிமொழியை நிறைவேற்றும் அளவுக்கு எனக்கு உடம்பு இருக்குமா என்பதை மட்டும் அவர் கேட்காமல் இருக்கட்டும்.

உங்களையும் உங்கள் மகனையும், அங்கே அந்நிய மொழியில் வளரும் உங்கள் பேரப்பிள்ளைகளையும் அல்லாஹ் காப்பானாக. உங்கள் கால்களுக்கு வலிமையும் உங்கள் மகனின் மனத்துக்கு அமைதியும் தருவானாக.

சட்டப்படி உங்கள் வருகை தேவையில்லை, ஜக்கரியா பாய். கையெழுத்துக்கும் நீங்கள் வேண்டாம், கூட்டத்துக்கும் நீங்கள் வேண்டாம். இதை ஒரு வழக்கறிஞனாக உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

வா, ஜக்கரியா.

ஷகூர்